ஓட்டப்போகிறவரை உட்கார வையுங்கள்



மகளோ மருமகளோ கார் ஓட்டப் பழகி லைசென்ஸ் வாங்கியதும் நம் வீடுகளில் ஒரு பேச்சு எழும். "கத்துக்கிற வண்டிதானே, பழசா ஒண்ணு பார்த்து வாங்கிக் குடுப்போம். இடிச்சாலும் பெரிய நஷ்டம் இல்ல." அன்போடு சொல்கிற பேச்சுதான். ஆனால் அதைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். வீட்டிலேயே அனுபவம் குறைந்தவருக்குப் பாதுகாப்புக் குறைந்த வண்டியைக் கொடுப்பது என்றாகிறது. மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்த காலம் முழுவதும், இந்தப் பேச்சு எங்கே போய் முடிகிறது என்பதை ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று பார்த்தவன் நான். பம்பர் நசுங்கினால் நஷ்டம் இல்லை, சரி. உள்ளே இருந்தவருக்கு என்ன ஆயிற்று என்பதுதான் என் கேள்வி.

இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது சிறிய விஷயம். ஒரே வயது, ஒரே விலை, ஒரே அளவு எஞ்சின். அப்படி இரண்டு பழைய பெட்ரோல் கார்கள் முன்னால் நிற்கின்றன. வீட்டில் ஒருவருக்காக எதை எடுப்பது? பொதுவாகப் பேசினால் காற்றில் போய்விடும். எனவே என் தங்கை மகளுக்காக வண்டி பார்த்த கதையை வைத்துக்கொண்டே பேசுகிறேன். அவள் பாளையங்கோட்டையில் இருக்கிறாள், கல்லூரி ஆசிரியை. தினமும் கல்லூரிக்குப் போய் வர வேண்டும். முழங்கால் வலியுள்ள அம்மாவை அவ்வப்போது ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். கையில் இருந்தது ஐந்து லட்சம். அந்தப் பணத்துக்குள் கடைசியில் வந்து நின்றவை இரண்டு: 2018-ஆம் ஆண்டு மாருதி ஸ்விஃப்ட், விஎக்ஸ்ஐ, அதே ஆண்டு ஹூண்டாய் கிராண்ட் ஐ10, ஆஸ்டா.

காகிதத்தில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பிதான். இரண்டிலும் 1,197 சிசி நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், ஏறக்குறைய ஒரே குதிரைத்திறன். இரண்டிலும் டைமிங் செயின். குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒருமுறை பெல்ட் மாற்றும் செலவு கிடையாது. ஸ்விஃப்ட்டின் நீளம் 3,840 மில்லிமீட்டர், கிராண்ட் ஐ10 3,765. டிக்கி ஸ்விஃப்ட்டில் 268 லிட்டர், கிராண்ட் ஐ10-இல் 256. ஸ்விஃப்ட்டின் அந்தத் தலைமுறை 2018 பிப்ரவரியில் வந்தது. கிராண்ட் ஐ10 2013 செப்டம்பரில் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் தயாரானது. இரண்டு கம்பெனிக்கும் நம் மாவட்டத் தலைநகரங்களில் சர்வீஸ் சென்டர் இருக்கிறது, இரண்டுக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கும், இரண்டையும் தெரிந்த மெக்கானிக் தெருவுக்கு ஒருவர் இருப்பார். இந்த எண்களையும் வசதிகளையும் எத்தனை முறை புரட்டினாலும் முடிவு கிடைக்காது.

அப்போது வீட்டில் எல்லோரும் கேட்கிற கேள்வி: மைலேஜ் எது அதிகம் தரும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டம். ஒரு வண்டி லிட்டருக்கு 15 தருகிறது, மற்றது 17 தருகிறது, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் வண்டிக்கு 40 லிட்டர், இரண்டாவதற்கு 35 லிட்டருக்குச் சற்று மேல். மாதத்துக்கு வித்தியாசம் 470 ரூபாய். ஐந்து வருடத்துக்கு 28,000 ரூபாய்ச் சொச்சம். வாங்கிய கையோடு நாலு டயரும் ஒரு கிளட்ச் செட்டும் மாற்ற வேண்டி வந்தால் அந்த ஐந்து வருடச் சேமிப்பு ஒரே வாரத்தில் காலி. மைலேஜைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. 2018 வண்டிகள் இரண்டுமே 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருவதற்கு முந்தியவை. இன்று பங்க்குகளில் ஊற்றுவது அதுதான். இரண்டிலும் மைலேஜ் சற்றுக் குறையும், பெட்ரோல் ஹோஸ்களை மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்ட வேண்டும். அந்த விஷயத்தில் ஏற்றத்தாழ்வு இல்லை.

இனி நான் விட்டுக்கொடுக்காத இடத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் எல்லாப் புதிய கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில். ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில். பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் வேண்டும் என்ற விதி எல்லாக் கார்களுக்கும் வந்து சேர 2021 முடிந்துவிட்டது. அப்படியானால் அதற்கு முந்திய வண்டிகளில், மாடல் பெயரை மட்டும் கேட்டுவிட்டு வாங்கக் கூடாது. வேரியண்ட் என்ன என்று கேட்க வேண்டும். 2018-இல் வந்த ஸ்விஃப்ட்டில் அடிமட்ட வேரியண்ட் முதலே இரண்டு ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் உண்டு. அதற்கு முந்திய ஸ்விஃப்ட்டில் அப்படி இல்லை. கிராண்ட் ஐ10-இல் மேல் வேரியண்ட்டான ஆஸ்டாவில் இவை உண்டு. கீழ் வேரியண்ட்களில் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அலாய் வீல் போட்டு, டச் ஸ்கிரீன் போட்டு, சீட் கவர் தைத்துக் கொடுத்தால் எல்லா வேரியண்ட்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். நாற்பதாயிரம் ரூபாய் குறைகிறதே என்று ஏபிஎஸ் இல்லாத வண்டியை எடுக்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: மழையில் நனைந்த நான்குவழிச் சாலையில், திடீரென்று ஒரு மாடு குறுக்கே வரும்போது, பழகிய ஓட்டுநரா புதியவரா பிரேக்கை ஒரேயடியாக மிதிப்பார்? சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்காமல், ஸ்டீயரிங்கை ஒடித்து விலக வழி விடுவது அந்த ஏபிஎஸ்தான்.

ஏர்பேக் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். குளோபல் என்கேப் அமைப்பு 2018-இல் இந்திய ஸ்விஃப்ட்டை மோதிப் பார்த்தபோது, பெரியவர்களுக்கான பாதுகாப்பில் அது வாங்கியது இரண்டு நட்சத்திரம்தான். கிராண்ட் ஐ10-க்குப் பின் வந்த நியோஸும் 2020-இல் இரண்டுதான் வாங்கியது. அதே 2020-இன் தொடக்கத்தில் டாடா டியாகோ நான்கு நட்சத்திரம் வாங்கியது. உங்கள் ஊரில் நல்ல டியாகோ கிடைத்தால் அதையும் பட்டியலில் சேருங்கள் என்பது என் கருத்து. நாங்கள் தேடிய நேரத்தில் எங்களுக்கு வாய்க்கவில்லை.

நாம் காசு கொடுப்பது விளம்பரத்தில் வந்த மாடலுக்கு இல்லை. ஆறேழு வருடம் யாரோ ஓட்டி, யாரோ ரிப்பேர் பார்த்த ஒரு குறிப்பிட்ட வண்டிக்குத்தான் கொடுக்கிறோம். நாங்கள் முதலில் பார்த்த ஸ்விஃப்ட் இதை நன்றாகக் காட்டியது. அது டிஎன் 69, தூத்துக்குடிப் பதிவு. பளபளப்பு, குறைந்த கிலோமீட்டர், விலையும் மற்றவற்றைவிடக் குறைவு. புரோக்கர், "அண்ணாச்சி, ஒரு கீறல் கிடையாது, டாக்டர் வச்சிருந்த வண்டி" என்றார். 2023 டிசம்பர் 17, 18-இல் தென்மாவட்டங்களில் கொட்டிய மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடியிலும் நெல்லையிலும் தெருத்தெருவாகக் கார்கள் மூழ்கின. அந்தப் பதிவு எண்ணைப் பார்த்ததும் நான் எஞ்சினைத் திறக்கவில்லை. பின் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். வெளியே தெரிகிற முக்கால் பங்கு பெல்ட் துவைத்த துணிபோல் சுத்தமாக இருந்தது. சுருளுக்குள்ளேயே கிடக்கும் கடைசி ஒரு சாண் நீளத்தில் காய்ந்த சேறு கோடு போட்டிருந்தது. விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. பிறகு முன் சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தேன். சீட் நகரும் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு. டிக்கி விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னியை எடுத்தால் குழிக்குள் மண்.

தண்ணீரில் நின்ற வண்டியைக் கழுவிக் காயவைத்தால் ஓடும். ஓடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏர்பேக்குக்கு உத்தரவு கொடுக்கும் கன்ட்ரோல் யூனிட் இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவே தரையோடு தரையாக இருக்கிறது. முதலில் நனைவதே அதுதான். வயரிங் கனெக்டர்களில் பச்சை பூக்க மாதங்கள் ஆகும். வாங்கிய அன்று எல்லாம் வேலை செய்யும். எப்போது கைவிடும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2015 டிசம்பரில் சென்னையில் மூழ்கிய கார்களிலும் இதே கதைதான். ரிப்பேர் செலவு இன்சூரன்ஸ் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை டோட்டல் லாஸ் என்று தீர்த்துப் பணம் கொடுத்துவிடுவார்கள். வண்டி ஏலத்தில் போகும். எடுத்தவர் அதை உடைத்துப் பாகமாக விற்பாரா, தேற்றி வேறு ஊர்ச் சந்தைக்கு அனுப்புவாரா என்பது அவர் கையில். ஆகவே, விலை குறைவாக இருக்கிறதே என்று மகிழும்போது, அது எந்த ஊரிலிருந்து வந்தது என்றும் கேளுங்கள்.

அந்த ஸ்விஃப்ட்டை அங்கேயே விட்டுவிட்டு, தென்காசிப் பதிவில் வேறொரு ஸ்விஃப்ட் பார்த்தோம். இதையும் கிராண்ட் ஐ10-ஐயும் ஒரே முறையில் சோதித்தேன். மோதல் பட்ட வண்டியைக் கண்டுபிடிக்க, பெயிண்ட்டைவிட போல்ட்டுகளை நம்புங்கள். பானெட்டைத் திறந்தால் அதைத் தாங்கும் கீல் போல்ட்டுகள் தெரியும். கம்பெனியில் பெயிண்ட் அடித்த போல்ட்டில் ஸ்பேனர் பட்டிருந்தால் முனைகளில் பெயிண்ட் உதிர்ந்திருக்கும். ஃபெண்டர், கதவுக் கீல் எல்லாவற்றிலும் இதே சோதனைதான். அதைவிட முக்கியமாக ஒன்று சொல்கிறேன், தயவுசெய்து மறக்காதீர்கள். சாவியை ஆன் செய்ததும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். எரியவே இல்லை என்றால்? அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல், விளக்கின் இணைப்பைத் துண்டித்து, ஸ்டீயரிங் மூடியை ஒட்டி விற்ற வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். விபத்து நடந்த பிறகு பார்த்தேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எஞ்சினுக்கு, காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகும் முதல் சத்தத்தை நம் காதால் கேட்க வேண்டும். போனதும் பானெட் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நாளைக்கு வருகிறோம் என்று திரும்பிவிடலாம். சூடான எஞ்சினில் செயின் சத்தமும் நீலப் புகையும் ஒளிந்துகொள்ளும். மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்று அறிய, வண்டி எண்ணைச் சொல்லி கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரம் கேளுங்கள். உரிமையாளரையும் கூட அழைத்துப் போனால் எளிது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் தயாரானது. மீட்டர் 25,000 கிலோமீட்டர் காட்டுகிறது, டயரோ நாலும் பிற்பாடு மாற்றியவை என்றால், ஏன் மாற்றினீர்கள் என்று கேட்க வேண்டும். ரீகால் பற்றியும் கேளுங்கள். 2017 டிசம்பர் 1 முதல் 2018 மார்ச் 16 வரை தயாரான ஸ்விஃப்ட், பலேனோ வண்டிகளை, மொத்தம் 52,686, பிரேக் வேக்யூம் ஹோஸைச் சரிபார்க்க 2018 மே மாதம் மாருதி திரும்ப அழைத்தது. அந்தத் தேதிக்குள் தயாரான வண்டி என்றால் அந்த வேலை முடிந்ததா என்பதை சேசிஸ் எண்ணை வைத்துத் தெரிந்துகொள்ளலாம்.

இரண்டு வண்டியும் இந்தச் சோதனைகளில் தேறின. ஸ்விஃப்ட் 48,000 கிலோமீட்டர், கிராண்ட் ஐ10 61,000. இரண்டும் ஒரே கை ஓட்டியவை. ஓட்டிப் பார்த்ததில் எனக்கு ஸ்விஃப்ட்தான் பிடித்தது. எடை குறைவு, மிதித்தால் துள்ளிக்கொண்டு போகிறது, வளைவில் ஸ்டீயரிங் சொன்னதைக் கேட்கிறது. ஆனால் ஓட்டப்போவது நான் இல்லையே. வண்டி பார்க்க அப்பா வருவார், சித்தப்பா வருவார், தெரிந்த மெக்கானிக் வருவார், ஓட்டப்போகிற பெண் மட்டும் வீட்டில் இருப்பாள். இந்த வழக்கத்தை நாம் மாற்றியே ஆக வேண்டும். நான் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவள் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல். ஸ்விஃப்ட்டில் டாஷ்போர்டு உயரம், ஜன்னல் கோடும் பின்னோக்கிப் போகப் போக ஏறிக்கொண்டே போகும். ரிவர்ஸ் எடுக்கும்போது கழுத்தை எக்கினாள். கிராண்ட் ஐ10 ஆஸ்டாவில் டிரைவர் சீட்டின் பக்கவாட்டில் ஒரு நெம்புகோல் உண்டு. அதை நாலு முறை ஏற்றியதும் சீட் உயர்ந்தது. "மாமா, இப்பத்தான் ரோடு முழுசாத் தெரியுது" என்றாள். சீட்டை உயர்த்தும் இந்த வசதி பல வண்டிகளில் கீழ் வேரியண்ட்களில் இருக்காது. விலைப்பட்டியலில் ஒரு வரிதான் அது. ஆனால் குள்ளமான ஒருவருக்கு அதுதான் வண்டியின் முதல் பாதுகாப்புக் கருவி. சீட் தாழ்ந்திருந்தால் எட்டிப் பார்ப்பதற்காக ஸ்டீயரிங்குக்கு மிக நெருக்கமாக உட்காருவார்கள். ஏர்பேக் வெடித்து விரியும்போது நெஞ்சுக்கும் அதற்கும் நடுவே போதிய இடம் இருக்காது.

இரண்டு வண்டியையும் நெல்லை ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்துக்கு எடுத்துப் போகச் சொன்னேன், சாயங்கால நெரிசலில். ஏற்றத்தில் முன்னால் டவுன் பஸ், பின்னால் ஆட்டோ. நிறுத்தி எடுக்கும்போது ஸ்விஃப்ட் இரண்டு முறை அணைந்தது. கிராண்ட் ஐ10-இல் கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று அவள் காலுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. இதை வைத்து ஒரு மாடலின் கிளட்ச் மோசம் என்று சொல்ல முடியாது. அந்த இரண்டு வண்டி, அந்த ஒரு கால், அவ்வளவுதான். நமக்கு வேண்டியதும் அதுதானே.

பிறகு தங்கையை அழைத்து வந்து ஏற்றி இறக்கிப் பார்த்தோம். ஸ்விஃப்ட்டில் பின்கதவின் கைப்பிடி வழக்கமான இடத்தில் இல்லை. ஜன்னல் ஓரத்தில், தோள் உயரத்தில், கறுப்புக்குள் மறைந்து இருக்கிறது. பார்க்க அழகு. தங்கை கதவைத் தடவித் தேடிக்கொண்டு நின்றாள். கிராண்ட் ஐ10-இல் பின் சீட்டுக்கும் ஏசி காற்று வரும் துவாரம் உண்டு; நம் சித்திரை வெயிலில் நோயாளியைப் பின்னால் உட்கார வைத்து அழைத்துப் போகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். வீட்டில் கைக்குழந்தை இருந்திருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். 2018 ஸ்விஃப்ட்டில் எல்லா வேரியண்ட்டிலும் குழந்தை சீட்டைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே அந்தப் பக்கம் சாய்ந்திருப்பேன். வயதான அப்பாவுக்கு கியர் மாற்றும் தொல்லை இல்லாத வண்டி வேண்டும் என்றாலும் கணக்கு மாறும். கிராண்ட் ஐ10-இல் வந்த நாலு கியர் ஆட்டோமேட்டிக் பெட்ரோல் குடிக்கும், ஆனால் வழுக்கிக்கொண்டு போகும். ஸ்விஃப்ட்டில் வந்த ஏஜிஎஸ் ஆட்டோமேட்டிக் சிக்கனமானது. கியர் மாறும்போது ஒரு தயக்கம் இருக்கும். இரண்டிலும் அவரையே உட்கார வைத்துப் பாருங்கள்.

அவள் கிராண்ட் ஐ10-ஐ எடுத்தாள்.

விலை பேசி முடித்ததும் பலர் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். ஆர்.சி. புக்கில் உள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியோடு ஒத்துப் பாருங்கள். வாங்கின லோன் தீர்ந்திருந்தால் பேங்க் என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் வேண்டும். பாக்கி அபராதம் இருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் பார்த்துவிடலாம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படிவத்தைப் பீரோவில் வைத்துவிட்டு வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. விற்றவருக்கு இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று யோசியுங்கள்.

இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். விற்றவர் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், வண்டியோடு வராது. அந்த வித்தியாசத் தொகையைக் கட்டத் தயாராக இருங்கள்.

ஆர்.சி.யை யார் பெயரில் எடுப்பது என்று எங்கள் வீட்டிலும் பேச்சு வந்தது. "அப்பா பேர்லயே இருக்கட்டும்" என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. வண்டி இன்சூரன்ஸோடு கட்டாயமாக எடுக்கும் 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு, உரிமையாளராக இருந்து தானே ஓட்டுபவருக்கு மட்டும்தான். ஆர்.சி. அப்பா பெயரில் இருந்து மகள் ஓட்டினால், அந்தக் காப்பீட்டில் அவளுக்கு இடம் இல்லை. தினமும் ஓட்டப்போகிறவள் அவள். வண்டி இப்போது அவள் பெயரில் இருக்கிறது.